கவர்னர் மேல் கை வைக்காதீர்கள்!

மெக்கானிக்கல் பசங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பக்கி செய்தால் (திட்டவில்லை, மண்ணில் ஓட்டும் அந்தச் சின்ன வண்டியின் பெயரே அதுதான்!) எல்லா ஊரிலும் ஒரே கதைதான் நடக்கிறது. பைப்பை வளைத்து, வெல்டிங் அடித்து, ஹோண்டா ஜிஎக்ஸ்200 மாதிரி ஒரு சின்ன இன்ஜினை சீட்டுக்குப் பின்னால் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். சமதரையில் ஜோராக ஓடும். மேட்டில் திணறும். உடனே கூட்டத்தில் ஒரு மேதாவி தீர்ப்பு சொல்வார்: "பவர் பத்தலை மச்சி, கவர்னரைக் கழட்டிடு!"

இந்த மேதாவியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில், கவர்னர் என்ன செய்கிறது? இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3600 சுற்றைத் தாண்டாமல் த்ராட்டிலை மூடிப் பிடிக்கிறது. அவ்வளவுதான். மேட்டில் இன்ஜின் திணறி சுற்று குறையும்போது அதே கவர்னர் த்ராட்டிலை முழுசாகத் திறந்துவிடுகிறது. அதாவது, உங்கள் வண்டி மேட்டில் நிற்கும் அந்த நொடியில் கவர்னர் எதையும் தடுக்கவே இல்லை. அதைக் கழற்றி என்ன ஆகப் போகிறது?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஜிஎக்ஸ்200 என்பது 196 சிசி இன்ஜின். அதன் அதிகபட்ச முறுக்குவிசை 12.4 நியூட்டன் மீட்டர், அதுவும் 2500 சுற்றில். இன்ஜின் பக்கம் 12 பல், ஆக்சில் பக்கம் 60 பல் ஸ்ப்ராக்கெட், 18 இன்ச் டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 270 நியூட்டன். ஆளோடு சேர்த்து 250 கிலோ எடையுள்ள வண்டி, 5 அடிக்கு 1 அடி உயரும் மேட்டில் ஏற சுமார் 480 நியூட்டன் வேண்டும். மண்ணின் இழுவை தனி. 270 எங்கே, 480 எங்கே? கவர்னரைக் கழற்றினாலும் அந்த 12.4 அப்படியேதான் இருக்கும்.

இப்போது அதே இன்ஜினில், தொடக்கத்தில் 2.7 மடங்கு விகிதம் கொடுக்கும் பெல்ட் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டுங்கள். 270 என்பது 730 நியூட்டன் ஆகிவிடும். பெல்ட்டிலும் செயினிலும் கொஞ்சம் வீணானாலும் வண்டி ஏறும். மலைப்பாதையில் பைக் திணறினால் கியரைக் குறைக்க நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? அதே பாடம்தான் இதுவும்.

அதற்குக் காசு இல்லையா? 60 பல்லை 72 ஆக்குங்கள். இழுவை 20 சதவீதம் கூடும். உச்ச வேகம் 62 கிலோமீட்டரிலிருந்து 52 ஆகும். குழியும் கல்லும் கிடக்கிற மண் தரையில் 52-க்கு மேல் போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறீர்கள்?

சரி, கழற்றினால் என்ன கெட்டுவிடும்? சுழலும் பாகங்களின் மீது விழும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 3600 சுற்று 5400 ஆனால் விசை 2.25 மடங்கு. உள்ளே இருப்பது அலுமினிய கனெக்டிங் ராடு. ஆயில் பம்ப் கிடையாது, எண்ணெயை வாரி இறைத்துத்தான் பிழைக்கிறது. ராடு உடைந்தால் இன்ஜின் போகும். வார்ப்பு ப்ளைவீல் வெடித்தால்? அது இருப்பது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால்!

"ரேஸ் கார்ட்டில் எல்லாரும் கழற்றுகிறார்களே" என்பார் மேதாவி. ஆமாம். ஆனால் அதில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் ராடு, ப்ளைவீல், வால்வு ஸ்பிரிங் எல்லாவற்றையும் அந்த வேகத்தைத் தாங்கும்படி மாற்றிவிட்டுத்தான் கழற்றுகிறார்கள். அதைச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்வது யோசனை இல்லை, வம்பு.

பாஜா போட்டியைப் பாருங்கள். 1976-ல் அமெரிக்காவில் தொடங்கியது, 2007-ல் இந்தியாவுக்கும் வந்தது. பல ஆண்டுகள் எல்லா அணிக்கும் ஒரே 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்தான். அதன் உள்ளே கை வைக்கவும் அனுமதி இல்லை. அப்படியும் ஒரு அணி ஜெயிக்கிறது, இன்னொன்று தோற்கிறது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எடையிலும், கியர் விகிதத்திலும், சஸ்பென்ஷனிலும்தான்.

எனவே வரிசை இதுதான்: முதலில் கியர் விகிதம். அடுத்து எடை. பிறகு வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர். அப்புறமும் போதாதா? இன்ஜினையே மாற்றுங்கள். 389 சிசி ஜிஎக்ஸ்390 அதே 2500 சுற்றில், கவர்னரோடு, 26.5 நியூட்டன் மீட்டர் தருகிறது. இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் பிரேக்கையும் செயினையும் அதற்கேற்ப மாற்றிவிட்டு மாட்டுங்கள்.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறோம். ஒரு ஸ்ப்ராக்கெட்டின் பல்லை எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பேனரைத் தூக்குகிறோம் என்றால், அந்தப் படிப்பு எதற்கு? மேதாவி மறுபடி வாயைத் திறந்தால், கையில் ஒரு கால்குலேட்டரைக் கொடுங்கள். ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் :)