தமிழில் வராத எச்சரிக்கைக்கு எங்கள் ஆட்கள் பொறுப்பில்லை

போன் அடிக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்கிறவர் நல்ல தமிழில், மரியாதையாக, "அம்மா, அஸ்வெசும காசு கணக்குக்கு ஏறயில்ல, போனுக்கு வந்த நம்பரச் சொல்லுங்க" என்கிறார். அதே நேரம் வங்கியின் குறுஞ்செய்தியும் வந்து கிடக்கிறது. இலக்கமும், அதை எவருக்கும் சொல்லவேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கின்றன, ஆங்கிலத்தில். கள்ளன் தமிழில் பேசுகிறான், வங்கி ஆங்கிலத்தில் எழுதுகிறது. எங்கள் பனிச்சங்கேணிக் களப்பில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற வீட்டில் எது எடுபடும்?

இணைய வங்கிப் பாதுகாப்புப் பற்றிய எங்கள் கிராம அமைப்பின் நிலைப்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது உதவிப்பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போனது. பலருக்குக் கணக்கு புதிது. செய்தியை வாசித்துச் சொல்வது பேத்தியோ கொமினிகேசன் கடைக்காரத் தம்பியோதான். இவர்களிடம் "கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு வங்கி ஒதுங்கிக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை.

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே இலங்கை அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆகவே ஓடிபி எனப்படும் அந்த இரகசிய இலக்கம் வரும் செய்தி வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் வரவேண்டும். எச்சரிக்கை முதலில், இலக்கம் அதன் பிறகு. காசு விநாடிகளில் கைமாறும் காலத்தில், கணக்கை முடக்கச் சொல்லும் அழைப்புக்கு நடுச்சாமத்திலும் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும். விடிந்ததும் வாழைச்சேனைக்குப் பஸ் ஏறிப் போய் முறையிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இழப்பு யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் வெளியாள் காசை எடுத்திருந்தால், 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தவர்மேல் இழப்பு விழாது. வாடிக்கையாளரே இரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், அறிவிக்கும்வரை போனது அவருடைய நட்டம். அதன் பிறகு போவது வங்கியுடையது. இதுபோன்ற விதி இங்கும் வரட்டும் என்கிறோம், ஒரு திருத்தத்தோடு: வாசிக்கத் தெரியாத மொழியில் எச்சரித்துவிட்டு, கேட்காதவரைக் கவனயீனர் என்று எழுதக்கூடாது.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். 2004 சுனாமி, அடுத்து 2006, 2007 போர்க்கால இடப்பெயர்வு. கொப்பியோடு வந்தவர்களுக்கெல்லாம் அடையாள அட்டைப் பிரதியும் பாஸ் புத்தகப் பிரதியும் கொடுத்தே நிவாரணம் வாங்கினோம். கொடுக்காவிட்டால் பெயர் விடுபட்டுவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. யார் கேட்டாலும் கொடுக்கிறோம், இப்போது வட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம். 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் 500 கூடியிருக்கும். அட்டை எண் தெரிந்தவனுக்குப் பிறந்த நாளும் தெரியும். அதையே பின் நம்பராக வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தகவல் சேர்க்காதே, தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்கிறது. கடன் திட்டக்காரர், உதவி நிறுவனத்தார், நாங்கள் எல்லோருமே இதில் அடக்கம்.

காசு போனவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். வங்கியின் பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935. இணைய மோசடிக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101.

எங்கள் அலுமாரியிலும் பழைய திட்டங்களின் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அடுத்த பொதுக்கூட்டத்தில் பெயர் வாசித்து உரியவர் கையில் கொடுப்போம். ஆள் வராதவற்றை அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் எரிப்போம்.