பெரிய அளவுகோலும் சிறிய கல்லூரிகளும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் என்றதும் உலகின் கண்ணுக்குத் தெரிவது, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெறும் தொலைக்காட்சித் திருவிழா மட்டுமே. அதில் ஆடுபவை என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதற் பிரிவு அணிகள். அதே சங்கத்தின் மூன்றாம் பிரிவிலும் நானூறுக்கு மேற்பட்ட ஆடவர் அணிகள் உள்ளன. அவையும் குளிர்காலம் முழுவதும் ஆடி, மார்ச் மாதத்தில் தமது சம்பியனைத் தெரிவுசெய்கின்றன. அந்த வெற்றியைப் பெரும் பத்திரிகைகள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. பல பத்திரிகைகளில் அந்த ஓரிரு வரிகளும் இடம்பெறுவதில்லை.

ஆனால், இந்தச் சிறிய கல்லூரிகளின் இரசிகர்கள் நடத்துகின்ற விவாதங்கள் சிறியவை அல்ல. பழைய மாணவர்கள், ஆட்டக்காரரின் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அயலூரவர்கள் எனப் பலரும் எந்த அணி சிறந்தது, எந்த ஆட்டக்காரன் மேலானவன் என்று ஆண்டு முழுவதும் வாதிடுகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அரையிறுதியொன்றின் கடைசி நிமிடம் கூட அவர்களுக்கு நினைவிருக்கும். பணமோ புகழோ சம்பந்தப்படாத இந்த விவாதத்தில் ஒருவகை நேர்மை உண்டு என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

எனினும், அந்த விவாதத்தில் அடிக்கடி ஒலிக்கும் பாராட்டு ஒன்று இப்பத்தியாளனுக்கு உறுத்தலாக இருக்கின்றது. ஓர் ஆட்டக்காரனை உச்சத்தில் வைத்துப் பேச விரும்பும் இரசிகர், "இவன் முதற் பிரிவிலேயே ஆடக்கூடியவன்" என்பார். கேட்பதற்கு இது புகழ்ச்சி. உள்ளே இருப்பதோ ஒரு தாழ்வுணர்ச்சி. நம்மிடம் இருப்பவனின் மதிப்பை நம்மிடம் உள்ள எதைக்கொண்டும் அளக்க முடியாது, மேலிடத்தின் கோல்தான் வேண்டும் என்பதே அதன் பொருள்.

மூன்றாம் பிரிவு என்பது முதலிரு பிரிவுகளில் தேறாதவர்களைப் போட்டுவைக்கும் இடம் அன்று. 1973ஆம் ஆண்டில் என்.சி.ஏ.ஏ. தன் அங்கத்துவக் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தபோது, மூன்றாம் பிரிவு ஒரு கொள்கையின் மேல் அமைந்தது. விளையாட்டுத் திறமைக்காக எவருக்கும் புலமைப்பரிசில் வழங்கப்படமாட்டாது என்பதே அக்கொள்கை. குடும்ப வருமானத்துக்கோ கல்விப் பெறுபேற்றுக்கோ உதவி கிடைக்கலாம். பந்தைக் கூடையில் போடுவதற்குக் கிடையாது. 1975இல் நடைபெற்ற முதலாவது ஆடவர் சம்பியன் போட்டியில் வாகை சூடியது, டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலுள்ள லெமொய்ன்-ஓவன் என்னும் சிறிய கறுப்பினக் கல்லூரி. அன்றிலிருந்து இன்றுவரை இப்பிரிவின் வரலாறு தனக்கென ஒரு வரலாறாகவே வளர்ந்து வந்துள்ளது.

அந்த வரலாற்றை அறிந்தவர்கள் வாதிடும்போது கேட்கச் சுவையாக இருக்கும். விஸ்கொன்சின் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே வலிமை மிக்கது என்பது ஒரு சாராரின் கட்சி. அவர்கள் கையில் கணக்கு இருக்கின்றது. பிளாட்வில் நான்கு முறை, ஸ்டீவன்ஸ் பொயின்ட் நான்கு முறை, வைட்வோட்டர் நான்கு முறை, 2019இல் ஒஷ்கொஷ் ஒரு முறை என அக்கூட்டமைப்பு பதின்மூன்று பட்டங்களை வென்றுள்ளது. மறுசாரார் வடகிழக்கு மாநிலங்களின் கல்லூரிகளைக் காட்டுவர். 2003இல் வில்லியம்ஸ், 2007இலும் 2013இலும் அமெர்ஸ்ட், 2025இல் கனெக்டிகட்டின் டிரினிட்டி ஆகியவை சம்பியனாகின. அமெர்ஸ்ட்டில் இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவர்களே பயில்கின்றனர். வைட்வோட்டரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பயில்கின்றனர். இவ்விரண்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கனவா என்ற கேள்விக்கு இன்னும் முடிவு காணப்படவில்லை. முடிவு காணப்படாததே நல்லது எனலாம். தமக்குள் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் வாதம் அது. வெளியார் எவரும் நடுவராக அழைக்கப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. பருவத் தொடக்கத்தில் முதற் பிரிவு அணியொன்று, அயலிலுள்ள மூன்றாம் பிரிவு அணியைத் தன் அரங்குக்கு அழைத்து ஆடுவது வழக்கம். சிறிய அணிக்கு அது பெரும்பாலும் கணக்கில் சேராத காட்சிப் போட்டி. அதில் பத்துப் புள்ளிகளால் மட்டும் தோற்றுவிட்டால், இரசிகர் சிலர் அந்தத் தோல்வியை ஆண்டு முழுவதும் கொண்டாடுவர். தம் கூட்டமைப்பில் பெற்ற இருபது வெற்றிகளிலும் அந்த ஒரு தோல்வி அவர்களுக்குப் பெரிதாகிவிடுகின்றது.

பயிற்றுவிப்பாளர் போ ரயனின் கதை சொல்லப்படும் விதத்தையும் கவனியுங்கள். அவர் பிளாட்வில்லில் பணியாற்றி 1991, 1995, 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். அவற்றுள் 1995இலும் 1998இலும் அவரது அணி ஒரு போட்டியிலேனும் தோற்கவில்லை. பின்னர் 2001இல் மடிசன் நகரிலுள்ள விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 2015இல் முதற் பிரிவின் இறுதிப் போட்டிவரை அணியை நடத்தி, டியூக் பல்கலைக்கழகத்திடம் 68க்கு 63 என்ற கணக்கில் தோற்றார். 2024இல் கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பொதுவாக இக்கதையில் பிளாட்வில் ஒரு படிக்கட்டாகவே வருகின்றது. ஆனால், அவர் தேசியப் பட்டம் வென்றது அந்தப் படிக்கட்டிலேதான், மாடியில் அன்று.

ஆட்டக்காரர் பற்றிய விவாதத்தில் இக்குறை இன்னும் தெளிவாகத் தெரியும். 2014ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் நகரில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் வைட்வோட்டர், வில்லியம்ஸ் கல்லூரியை 75க்கு 73 என்று வென்றது. வில்லியம்ஸ் அணியில் அப்போது முதலாம் ஆண்டு மாணவராக இருந்தவர் டங்கன் ரொபின்சன். பின்னர் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்று, மியாமி ஹீட் அணிக்காக 2020இலும் 2023இலும் என்.பி.ஏ. இறுதித் தொடரில் ஆடினார். 2021இல் ஐந்தாண்டுகளுக்கு 90 மில்லியன் டொலர் ஒப்பந்தமும் பெற்றார். ஆகவே, அந்த இறுதிப் போட்டி இன்று "ரொபின்சன் ஆடிய போட்டி" என்றே நினைவுகூரப்படுகின்றது.

அந்தப் போட்டியை முடித்துவைத்தவரோ வைட்வோட்டரின் குவார்டெல் யங். ஒரு புள்ளியால் தன் அணி பின்தங்கியிருக்க, எஞ்சிய ஒருசில வினாடிகளில் முழு அரங்கையும் கடந்து ஓடிப் பந்தைக் கூடையில் சேர்த்தவர் அவர். அவர் என்.பி.ஏ.யில் ஆடவில்லை. அதனால் அந்த ஓட்டத்தின் பெறுமதி ஒரு துளியேனும் குறைந்துவிடுமா? ரொபின்சனின் சாதனை மதிக்கத்தக்கதே. ஆயினும், ஒரு போட்டியின் மதிப்பை அதில் தோற்றவர் பின்னாளில் ஈட்டிய சம்பளத்தைக் கொண்டு நிர்ணயிப்பது விந்தையான கணக்கு.

மூன்றாம் பிரிவின் இரசிகர்கள் தமது சொந்த அளவுகோலைக் கையில் எடுக்கும்போது எவ்வளவு கூர்மையானவர்களாகின்றனர் என்பதற்கு இரு சான்றுகள் போதும்.

2012 நவம்பர் 20ஆம் திகதி, அயோவா மாநிலத்தின் கிறினெல் கல்லூரி மாணவர் ஜாக் டெய்லர் ஒரே போட்டியில் 138 புள்ளிகள் பெற்றார். 108 முறை எய்து 52 முறை வெற்றிகண்டார். கிறினெல் 179, எதிரணியான பெயித் பப்டிஸ்ட் பைபிள் கல்லூரி 104. உலகம் வாய்பிளந்தது. மூன்றாம் பிரிவை அறிந்தவர்களோ இரண்டாகப் பிரிந்து வாதிட்டனர். எதிரணி எத்தகையது என்றனர் சிலர். மற்றும் சிலர், ஐவர் ஐவராகக் குழு மாற்றி எல்லா மாணவருக்கும் ஆடும் வாய்ப்பளிப்பதற்குப் பெயர்பெற்ற கிறினெல்லின் ஆட்டமுறை, ஒருவன் 108 முறை எய்வதற்குப் பயன்பட்டதே என்று கேட்டனர். அதே போட்டியில் எதிரணியின் டேவிட் லார்சன் 70 புள்ளிகள் பெற்றதை எடுத்துக்காட்டி, அத்தனை புள்ளிகளை விட்டுக்கொடுத்த ஆட்டத்தை என்னவென்பது என்றும் வினவினர். இவையெல்லாம் பொறாமையில் பிறந்த கேள்விகள் அல்ல. ஆட்டத்தை நேசிப்பவர்கள் மட்டும் கேட்கக்கூடியவை.

மற்றது நியூயோர்க்கிலுள்ள யூதப் பல்கலைக்கழகமான யெஷிவாவின் கதை. அதன் அணி தொடர்ச்சியாக ஐம்பது போட்டிகளில் வென்றது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் அச்சத்தால் பார்வையாளர் எவருமின்றி வெற்று அரங்கில் தேசியச் சுற்றுப்போட்டியில் ஆடிய அணியும் அதுவே. அச்சுற்றுப்போட்டி இடைநடுவில் கைவிடப்பட்டது. நாடெங்கும் அந்த அணியைப் பற்றி எழுதினர். மூன்றாம் பிரிவினர் மட்டும், "யார் யாரை வென்றீர்கள்?" என்று கேட்டனர். 1985 தொடக்கம் 1987 வரை பொட்ஸ்டாம் அணி அறுபது போட்டிகளில் தொடர்ந்து வென்றதையும் நினைவூட்டினர். 2021 டிசம்பர் 30ஆம் திகதி இல்லினோய் வெஸ்லியன் அணி யெஷிவாவை 73க்கு 59 என்று வென்றபோது அக்கேள்விக்கு அரங்கிலேயே விடை கிடைத்தது. வலிய எதிரணியோடு மோதத் துணிந்ததற்காக யெஷிவாவுக்கும் மதிப்பு உயர்ந்தது. "இவர்கள் முதற் பிரிவில் ஆடலாமா?" என்ற வெற்றுக் கேள்வியால் இந்த இரண்டில் ஒன்றும் கிடைத்திருக்காது.

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். முதற் பிரிவினர் உயரமானவர்கள், வேகமானவர்கள், வலிமையானவர்கள். அதை மறைத்துத் தனி அளவுகோல் வைத்துக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றுவதாகாதா என்று கேட்கலாம். முதற் பிரிவு வலியது என்பதை எவரும் மறுக்கவில்லை. இருவர் மோதினால் யார் வெல்வார் என்பது ஒரு கேள்வி. ஒருவன் தன் அரங்கில், தன்னையொத்தவர் நடுவில், எத்துணை நிறைவாக ஆடினான் என்பது வேறொரு கேள்வி. முன்னையதற்கு விடை தெரிந்துவிட்டதனால் பின்னையது இல்லாமற் போய்விடாது. தேசியச் சுற்றுப்போட்டிக்கு அணிகளைத் தெரிவுசெய்யும்போது மூன்றாம் பிரிவு அணிகளோடு ஆடிய போட்டிகளே கணக்கில் எடுக்கப்படுகின்றன. 2024-25 பருவம் முதல் குழுவின் கணிப்புக்குப் பதிலாக ஒரு கணிதச் சூத்திரம் அப்பணியைச் செய்கின்றது. சூத்திரத்தின் குறைநிறை பற்றி வேண்டியமட்டும் வாதிடலாம். ஆனால், தம்மைத் தம்மோடு ஒப்பிடவேண்டும் என்ற அடிப்படையை இரசிகர்களைவிட அந்தச் சூத்திரம் நன்றாக விளங்கி வைத்திருக்கின்றது.

இதனை இப்போது கூறுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கத்தின்படி, முதற் பிரிவுக் கல்லூரிகள் தமது விளையாட்டு வீரருக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். 2014இல் கல்லூரி மாறிய ரொபின்சன் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் காத்திருப்பும் இல்லை. சிறிய கல்லூரியில் ஒளிர்பவனை அடுத்த பருவத்துக்கு முன்னரே பெரிய கல்லூரி அழைத்துச்செல்லலாம். போகின்ற மாணவனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கல்விக் கட்டணம் கழுத்தை நெரிக்கும் நாட்டில், அவன் தன் குடும்பத்தின் நிலையை நோக்கி எடுக்கும் முடிவு அது.

கேள்வி போகின்றவனைப் பற்றியதன்று, இருக்கின்றவனைப் பற்றியது. நான்கு ஆண்டுகள் ஒரே கல்லூரியில் ஆடி, பட்டம் பெற்று, ஆசிரியனாகவோ கணக்காளனாகவோ சென்றுவிடும் மாணவனுக்கு அவ்விளையாட்டு தரக்கூடிய ஊதியம் ஒன்றேயொன்று. அவனது ஆட்டத்தை அறிந்தவர்கள் அதனைச் சரியாக நினைவில் வைத்திருப்பதே அது. "முதற் பிரிவில் ஆடக்கூடியவன்" என்பதே உயர்ந்த புகழ்ச்சியாக நிலைத்துவிட்டால், போகாமல் நின்றவன் எல்லோரும் போக முடியாதவனாகிவிடுவான். சந்தை செய்யவேண்டிய வேலையை இரசிகர்களே இலவசமாகச் செய்து கொடுத்தவர்களாவர்.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று கூறலாம். பெரிய போட்டிகளை எழுதுவதற்கு ஆயிரம் பேர் இருப்பர். சிறிய அரங்கில் நடந்ததைக் கண்டவர்கள் சொல்லாவிட்டால் அது நடக்கவில்லை என்றே ஆகிவிடும். ஆகவே, வாதிடுங்கள். பிளாட்வில்லா அமெர்ஸ்ட்டா என்று தொண்டை வறளும்வரை வாதிடுங்கள். ஆனால், குவார்டெல் யங்கின் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அவர் வேறெங்கு ஆடியிருக்கக்கூடும் என்று ஆராயவேண்டியதில்லை. அவர் எங்கு ஆடினார் என்பதைச் சொன்னால் போதும்.