ஆள் கூப்பிட்டுக்கலாம் சார்

கொடைக்கானலில் நான் குடிவந்த புத்தம்புது அடுக்ககத்தில் குளியலறைத் தண்ணீர் வாசலுக்கு ஓடுது. மலைக்குளிரில் ஈரம் காயாமல் சுவரெல்லாம் பூஞ்சை. கக்கூஸ் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேணும். இங்கே மட்டமாகப் படுத்துக்கிடக்கு. கட்டின வீட்டுக்காரரைக் கேட்டால், “அடைச்சா ஆள் கூப்பிட்டுக்கலாம் சார்” என்கிறார்.

யாரய்யா அந்த ஆள்? எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அருந்ததியர் கையைக் கணக்கில் சேர்த்துத்தான் வரைபடமே போட்டிருக்கான். வங்கியில் வீட்டுக்கடன் படிவங்களைப் புரட்டுகிறவன் நான். எந்த மதிப்பீட்டிலும் இந்தக் கைக்குக் கட்டம் கிடையாது.

கையால் மலமள்ள வைப்பதை 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. சாக்கடையில் செத்தால் இழப்பீடு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. செத்தபிறகு தொகை பேசுகிற நாட்டில், குழாய் பதிக்கும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்க ஒருத்தன் இல்லை. 2021இல் சென்னை புளியந்தோப்பில் குடிசை மாற்று வாரியம் கட்டின குடியிருப்பில் சுவர்ப்பூச்சு விரல் பட்டு உதிர்ந்தபோது ஐ.ஐ.டி. வந்து சோதித்தது. நம்ம சனம் உள்ளே இறங்கும்படி கட்டிவைத்த செப்டிக் டேங்குகளை யார் சோதிப்பது?

தரையை உடைத்துக் குழாயை மாற்றும்வரை வாடகை கிடையாது என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். ஆளும் கூப்பிடமாட்டேன்.