பெயரைக் கேட்பவர்கள் முதலில் பூட்டைக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூக ஊடகக் கணக்குகள் அனைத்தையும் ஆதார் எண்ணோடு இணைத்துவிட்டால் ஆபாசமும் அவதூறும் அடங்கிவிடும் என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். பெண்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதுகிறவர்கள் மேல் உங்களுக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் உங்கள் யோசனையை எதிர்த்து எழுதுகிறேன்.

யோசனை புதிதல்ல. 2018லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே கோரிக்கையோடு பொதுநல மனுக்கள் தாக்கலாயின. அதே ஆண்டு செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட 57ஆம் பிரிவை அடித்துவிட்டது. அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வாசல் வழியே போனது கொல்லை வழியே வந்தது. 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்களைக் கொண்ட செய்திப் பரிமாற்றச் செயலிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் காட்டியாக வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லின. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

சட்ட நுணுக்கம் இருக்கட்டும். என் கேள்வி எளிமையானது. இத்தனை கோடிப் பேரின் பெயரை வாங்கி யாரிடம் கொடுத்து வைக்கப் போகிறீர்கள்?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவி தைரியமாகப் புகார் கொடுத்தார். பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும் அவர் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியாகி, கைபேசி கைபேசியாகச் சுற்றியது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் கோளாறுகூடக் கிடையாது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரை ஒரு காவல்துறை உயரதிகாரியே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். போதாததற்கு அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. அப்போதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லிற்று. ஒரே ஒரு பெயரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் நடந்தது இது. இப்போது நீங்கள் எல்லோருடைய பெயரையும் ஒரே இடத்தில் குவித்து வைக்கச் சொல்கிறீர்கள்.

குவித்து வைத்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. தென்கொரியா 2007லிருந்து பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுகிறவர்களின் உண்மைப் பெயரைச் சரிபார்க்கச் சட்டம் போட்டது. நடிகைகளையும் பாடகர்களையும் வசைபாடிச் சாகடிக்கிறார்கள் என்று அங்கேயும் நியாயமான கோபம்தான். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களிலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் தகவல்கள் திருடு போயின. அந்நாட்டு மக்கள்தொகையே ஐந்து கோடிதான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்குச் சான்று இல்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனதுதான் மிச்சம் என்பவையும் காரணங்கள்.

பெயர் தெரிந்தால் பயம் வரும் என்பது உங்கள் நம்பிக்கை. எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் அந்த நம்பிக்கை அரை நாளில் போய்விடும். அங்கே அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் பெயரும் எண்ணும் குலமும் கோத்திரமும் தெரியும். பொய்ச் செய்திக்கும் வெறுப்புக்கும் அங்கே ஒரு குறையும் இல்லை.

பெரிய இடத்துக்கே வருகிறேன். 2018இல் நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர் தம் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில், தம் பெயரில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றைப் பகிர்ந்தார். முகமூடியே இல்லை. உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்த பிறகும் கைது நடக்கவில்லை. கீழ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது 2024 பிப்ரவரியில். ஏறக்குறைய ஆறு வருஷம். இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று: 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு சிறு தொழிலதிபர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். அவரும் சொந்தப் பெயரில்தான் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பதினாறு பேர் என்று அப்போது செய்தி வந்தது. புகார் போன வேகத்தில் விடியற்காலையில் வீட்டுக்குப் போலீஸ் வந்து கைது செய்தது. இரண்டிலும் பெயர் ஊரறிந்தது. ஒன்றில் மனம் புண்பட்டவர்கள் பெண் பத்திரிகையாளர்கள், மற்றதில் அமைச்சர் வீட்டுப் பிள்ளை. சட்டத்தின் கால்களுக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே விளங்கவில்லையா?

அந்தப் புதுச்சேரிக்காரர் மேல் பாய்ந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செத்த சட்டத்தின் கீழும் காவல் நிலையங்கள் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. இனி யார் மேலும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022இல் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் காவல்துறையின் கையில்தான் புது ஆயுதம் ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

பழைய ஆயுதங்கள் இல்லாமலா போய்விட்டன? அந்தரங்கப் படம் பரப்பப்பட்டதாகப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் தளங்கள் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், விசாரணை அமைப்பு சட்டப்படி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2021இல் வந்தபோதே அந்த விதிகள் சொல்லின. பொய்ப் பெயரில் எழுதுகிறவனுக்கும் கைபேசி எண் உண்டு, இணைய இணைப்பு உண்டு. தேடினால் அகப்படுவான். தேட ஆள் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தில் வரும் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கலாம். ஒரு நிலையத்தில் இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேர், அவர்கள் தலையில் பந்தோபஸ்து எத்தனை, திருவிழா எத்தனை? தலையங்கம் எழுத இதுவல்லவா விஷயம்!

வாசகர் கடிதத்துக்கே பெயரும் முகவரியும் கேட்கிறோமே என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்கிறீர்கள், சரி. பெயர் வெளிவர வேண்டாம் என்றால் அதை அச்சிடாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொள்கிறீர்கள். யாராவது வந்து கேட்டால் நீதிமன்ற உத்தரவு எங்கே என்று திருப்பிக் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்களில் பலர் எழுதுகிறோம். அரசு ஊழியர் அரசை விமர்சிக்க 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இடம் கொடுப்பதில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்று அங்கே வேலை பார்க்கும் செவிலியர் எந்தப் பெயரில் சொல்வார்? சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டு ஓடி வந்த பெண், தன் கதையை எந்தப் பெயரில் எழுதுவாள்? ஆதார் அட்டையில் அவள் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடிமக்கள் முகத்தைக் காட்ட வேண்டும் என்பவர்கள் தங்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். இணையப் பக்கங்களை முடக்கும் 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, முடக்கச் சொல்லி வந்த கோரிக்கையையும் புகாரையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரே ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முழுவதும் பலருக்குத் திறக்காமல் போயிற்று, விளக்கம் கேட்கும் கூட்டம் நடப்பதற்கு முன்பே. படத்தை நீக்கிவிட்டால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று மார்ச் 6இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. அப்போது நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த பத்திரிகைக்கே இந்தக் கதி என்றால், தனியாக எழுதும் ஒரு கல்லூரி மாணவியின் பக்கம் முடங்கினால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

முடக்க உத்தரவின் நகலும் காரணமும் எழுதியவர் கைக்கு வர வேண்டும், 16ஆவது விதி போக வேண்டும். சைபர் பிரிவுகளில் ஆள் போட வேண்டும். பெண்கள் கொடுக்கும் புகார்களில் எத்தனை வழக்காயின, எத்தனை தண்டனையில் முடிந்தன என்று காவல்துறை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். இவற்றைக் கேட்டு அடுத்த தலையங்கத்தை எழுதுங்கள். ஆதார் கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.