முடிச்சும் தவக்குலும்



சொறிக்கல்முனையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல்தான். இப்பகுதிப் பெண்பிள்ளைக்கு மலையேற்றப் பயிற்சி எதற்கு என்று சில உம்மாமார் கேட்கக்கூடும்.

2016 மே 21இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால என்ற பெண்மணி. அவரும் டார்ஜீலிங்கில் ஆரம்பப் பயிற்சி பெற்றவரே. அப்பயிற்சியில் ஏறுமுன் முடிச்சுப் போடப் படிக்க வேண்டும். ஒருத்தி போட்ட முடிச்சை மற்றவள் சோதிப்பாள். ஒருத்தி ஏற, மற்றவள் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பாள். கால் வழுக்கினால் ஏறியவளின் உயிர் அந்தக் கயிற்றில்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். ஹிஜ்ரத்தின்போது தம் இடுப்புக்கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிய அஸ்மா (ரழி) அவர்கள், ஸவ்ர் மலைக்கு உணவு கொண்டு சென்றதாகவும் வரலாறு கூறுகிறது.

ஆகவே, பிள்ளை ஆசைப்பட்டால் பயங்காட்டித் தடுக்காதீர்கள். கற்பிப்பவர் யார், பெண் பயிற்சியாளர் உண்டா, கயிறும் தலைக்கவசமும் தரமானவையா என்று விசாரியுங்கள். தொண்டர்கள் இலவசமாகக் கற்பித்தாலும் கேட்க வெட்கப்பட வேண்டாம். நாம் போட வேண்டிய முடிச்சு அதுதான். பின்னர் துஆச் செய்து அனுப்புங்கள். அல்லாஹ் போதுமானவன்.