காக்கிக்கு ஒரு தற்காப்பு, கைலிக்கு ஒரு தற்காப்பா?

வடசென்னையில் ரவுடிகள் பெருகியதற்கு வக்கீல்கள்தான் காரணமாம். தற்காப்பு, போதை, புத்தி சுவாதீனம் இல்லை என்று எதையாவது சொல்லி ஆளை வெளியே கொண்டுவந்துவிடுகிறார்களாம். ஆகவே கொலை வழக்கில் சிக்கியவனுக்கு ஒருவரும் ஆஜராகக் கூடாதாம். சென்ற இதழில் இப்படித் தீர்ப்பெழுதிய நண்பர், அடுத்த பத்தியிலேயே 2024 ஜூலையில் மாதவரம் அருகே நடந்த என்கவுன்டருக்குக் கைதட்டுகிறார். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் கைதானவரை ஆயுதம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். அவர் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ்.

தற்காப்பு! நண்பர் ஓட்டை என்று காறித் துப்பிய அதே சொல். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. காசிமேட்டுப் பையனின் வக்கீல் நீட்டுவதும் இதே பிரிவுகளைத்தான். ஒரே வித்தியாசம், பையன் அதைக் கோர்ட்டில் காட்டியாக வேண்டும். பாரம் அவன் தலையில். இன்ஸ்பெக்டருக்குப் பத்திரிகையாளர் சந்திப்பே போதும் என்கிறார் நண்பர். போதாது. என்கவுன்டர் சாவுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 16 நெறிமுறைகள் வகுத்தது. எஃப்.ஐ.ஆர். வேண்டும், சிஐடியோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட கையோடு வீர விருது தரக் கூடாது. நண்பர் மட்டும் அவசரப்பட்டு மெடல் குத்திவிட்டார்.

போதை விஷயத்திலும் அவருக்குச் சட்டம் தெரியவில்லை. தானே குவார்ட்டர் அடித்துவிட்டுக் குத்தியவனுக்கு சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவு உதவாது. அவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ யாராவது போதை ஏற்றியிருக்க வேண்டும். ‘போலீஸிடமே ஒப்புக்கொண்டானே’ என்கிறார். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்தார்கள். ஏன் என்று திருவொற்றியூர் டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிறவர்களை அவர்கள் பார்க்காததா?

ஆஜராகாதே என்ற யோசனையும் புதிதல்ல. கோவை வழக்கறிஞர் சங்கம் ஒருமுறை அப்படித் தீர்மானம் போட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. கோவைக்காரர்கள் யாருக்கு ஆஜராக மாட்டோம் என்றார்கள் தெரியுமா? ரவுடிகளுக்கு அல்ல, போலீஸ்காரர்களுக்கு.