கொடுமணமும் கொடுமணலும்

பதிற்றுப்பத்தைப் பாடங்கேட்கும் மாணவர் எவரும் கொடுமணம் என்னும் ஊர்ப்பெயரைக் கடந்தே செல்வர். செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலரும், பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழாரும் அவ்வூரைக் குறித்துள்ளார்கள். அது கைவினைச் சிறப்பாற் புகழ்பெற்ற ஊர் என்று யாமும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆனால் அவ்வூர், கோவையினின்றும் ஒரே நாளிற் சென்று மீளத்தக்க தொலைவில், இன்றும் உழுதுண்டு வாழ்கின்றது என்பதை நெடுநாள் எண்ணிப் பார்த்திலேம்.

ஈரோடு மாவட்டத்திற் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூரே சங்ககாலக் கொடுமணம் என்பது அறிஞர் துணிபு. மேல்கடற்கரையினின்று பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பண்டைப் பெருவழியில் அவ்வூர் இருந்தது. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் கிடைத்த உரோமானியக் காசுகளைப் பற்றிக் கேள்வியுற்றோர்க்கு அவ்வழியின் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பதிற்றுப்பத்தை உ. வே. சாமிநாதையர் 1904-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். புலவர் சொல் மெய்யோ என்று மண்ணைக் கேட்டறிய மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. 1985-இல் தொடங்கிய அகழாய்விற் பேராசிரியர் கா. ராஜன் பல்லாண்டு உழைத்தார். 2012, 2013 ஆண்டுகளிற் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பிலும், 2020-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் சார்பிலும் அப்பணி தொடர்ந்தது. இரும்பை உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. மணிகள் பலவாகக் கிடைத்தன. முற்றுப்பெற்றவையே யன்றி, அரைகுறையாய்த் தீட்டியனவும் துளையிடுங்கால் உடைந்தனவும் உடன் கிடைத்தமையால், அவை அவ்வூர்ப் பட்டறைகளிலேயே செய்யப்பட்டன என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூரிலும், நீலமணி சிவன்மலைப் பக்கத்திலும் கிடைப்பன. சூதுபவளமோ கூர்ச்சரம் முதலிய சேய்மை நாடுகளினின்று வந்ததென்பர். ஒரு கல்லறையில் மாத்திரம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தனவாம்! இத்தகைய கல்லறைகளை நம் நாட்டுப்புறத்தார் பாண்டியன் குழி என்று சொல்லி, அவற்றின் பலகைக் கற்களைப் பெயர்த்து வேலிக்கும் வாய்க்காற் பாலத்திற்கும் இட்டுக்கொள்வதைப் பல இடங்களிற் காண்கின்றோம். இறந்தோர் உறங்குமிடத்துக் கல் என்னும் கூச்சம் ஏனோ எவர்க்கும் எழுவதில்லை.

இவற்றினும் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தவை எழுத்துப் பொறித்த பானை ஓடுகளே. தமிழ்ப் பிராமி எழுத்துடைய ஓடுகள் ஐந்நூற்றுக்கு மேல் அங்கே கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், விசாகி, சம்பன் சுமணன் என்றாற்போன்ற பெயர்கள் அவற்றிற் காணப்படுகின்றன. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல்லும் உண்டு. தமிழ்ப் பெயரும் வடபுலப் பெயரும் ஒரே தெருவிற் புழங்கின போலும். வேந்தர் தம் பெயரைக் கல்லிற் பொறித்தனர். இவரோ தாம் உண்ட கலத்திற் கீறினர். எழுத்தறிவு அரண்மனையைக் கடந்து பட்டறைத் திண்ணைவரை வந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சென்ற பொங்கல் விடுமுறையில் யாம் நால்வர் அவ்வூர்க்குச் சென்றோம். வரப்போரத்தில் நின்ற முதியவர் ஒருவர், "ஓட்டாஞ்சில்லு பாக்க வந்தீங்களா தம்பி? எங்க காட்டுல உழுவறப்பெல்லாம் கெடக்குதுங்க" என்றார். கிடைத்தவற்றை அலுவலரிடம் அறிவிப்பதுண்டோ என வினவினோம். அவர் சற்றே தயங்கி, "சொன்னாக் காடு போயிருமோன்னு பயமுங்க. அதனால கம்முனு இருந்துக்கறமுங்க" என்றார்.

எம் கருத்துக்கு வித்து இவ்விடையே. ஓர் ஊரின் பழம்பொருள், அவ்வூரார் அஞ்சி மறைக்கும் பொருளாக இருக்குங்காறும் எத்துணை அகழாய்வு செய்தும் பயன் குறைவு. கண்டெடுத்த பொருள்கள் தொலைவிலுள்ள நகரங்களிற் பாதுகாக்கப்படுதல் ஆராய்ச்சிக்கு ஏற்றதே, அதனைக் குறைகூறோம். ஆயினும் நிலத்தைக் குழிபறிக்கக் கொடுத்து ஒரு போகம் இழக்கும் உழவனுக்கு, அக்குழியினின்று எழுந்த மணியைக் காண நகரத்துக்குப் பேருந்தேற வேண்டிய நிலைமை முறையாகுமோ? இழந்த விளைவுக்கு ஈடும், நிலம் பறிபோகாது என்னும் எழுத்து வடிவான உறுதியும் அவனுக்கு முதலில் வேண்டும்.

கொடுமணற் பொருள்களுக்காக ஈரோடு மாவட்டத்தில் 22 கோடி ரூபாய்ச் செலவில் நொய்யல் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று, 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசினர் அறிவித்தனர். அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தோம். அது நகரில் எழாது, அம்மண்மேட்டினின்று நடந்து செல்லத்தக்க இடத்திலேயே எழுதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். 2023-இல் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகம் அவ்வூரிலேயே நிற்பதன் பயனை நாடே கண்டது. வருவோர்க்குப் பொருள்களை விளக்கிக் காட்டும் பணியும் கொடுமணல் இளைஞர்க்கே உரியதாக வேண்டும்.

ஆற்றின் பெயரை அருங்காட்சியகத்திற்குச் சூட்டுவோர் ஆற்றையும் நினைப்பாராக. திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி, ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்திற்குதவாது கெட்ட கதையை அறியாதார் இலர். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவிற்கு அது முற்றிற்று. மணி தீட்டிய பண்டையோர்க்கும் தொழில் இருந்தது, கழிவு இருந்தது. உடைந்த மணிச்சில்லுகளே அவர் விட்டுச்சென்றவை.

எம் குறையையும் ஒளியாது கூறுதல் நேர்மை. அம்முதியவர் எம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று, விளக்கு மாடத்திலிருந்த கருஞ்சிவப்பு ஓடொன்றை எடுத்துக் காட்டினார். அதில் நான்கைந்து கீறல்கள் இருந்தன. "தமிழ்தானே படிக்கிறீங்க, இதுல என்னன்னு எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டார். எம்மில் ஒருவராலும் படிக்க இயலவில்லை. எழுத்தோ வெறுங்குறியோ என்று சொல்லவுந் தெரியவில்லை. யாப்பும் அணியும் பயின்றோம். தமிழின் முதல் எழுத்துவடிவைப் பயின்றிலேம். சிறப்புத் தமிழ் வகுப்பில் வாரத்திற்கு ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களை வேண்டிக்கொள்கின்றோம். அதற்குள்ளாக யாம் நால்வரும் சனிக்கிழமை மாலைதோறும் நூலகத்திற் கூடி அவ்வெழுத்துக்களை எழுதிப் பழகி வருகின்றோம். வருகின்ற சோளம் அறுப்புக்குப் பின் மீண்டும் வருவதாக அவரிடம் சொல்லி வந்திருக்கின்றோம்.